சிங்கப்பெருமாள் கோவிலில் மட்டும் குரல் போகும்

மச்சான், டேய் மச்சான்! உன்னை வேறு பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. இப்போது மட்டும் எப்படிக் கூப்பிடுவது?

செல்போன் டவர் டெஸ்ட் பண்ணும் வேனுக்கு நான் டிரைவர். பக்கத்து சீட்டில் போனில் பேசிக்கொண்டே வருவது மச்சான் வேலை. தாம்பரத்தில் ஏறினால் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும் வரை வாயை மூடக் கூடாது. ஆபீஸில் என்ஜினியர் சார் கேட்டுக்கொண்டே இருப்பார். குரல் எங்கே அறுகிறதோ அங்கே சிக்னல் சரியில்லை என்று அர்த்தம். ஒன்று, இரண்டு என்று எண்ணத்தான் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு அலுத்துவிடும். பெருங்களத்தூர் வந்தால் அம்மா வைத்த மீன் குழம்பு, வண்டலூர் வந்தால் அக்கா வீட்டுச் சண்டை என்று ஆரம்பித்துவிடுவான். ஆபீஸ் முழுக்க அவன் வீட்டு விஷயம் தெரியும்.

சிங்கப்பெருமாள் கோவில் வந்ததும் குரல் போய்விடும். டவரில் ஆள் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார்கள். மறுநாளும் அதே கதை.

"போன புடிக்கவே தெரியல. சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா ரெண்டு பேரும் வேற வேலை பாத்துக்கோங்க" என்றார் சார்.

அவனுக்கு அப்போதுதான் பெண் பார்த்திருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போச்சு.

சனிக்கிழமை சாரே பின் சீட்டில் ஏறினார். கோவில் வந்தது. மச்சான் போனை மடியில் போட்டு, கையைக் கூப்பிக் கண்ணை மூடினான். நானும் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"யோவ், என்னய்யா பண்றே?"

"கோயில் சார்."

"தினமுமா?"

"தினமும் தானே சார் தாண்டிப் போறோம்?"

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்காய்யா டவர்ல ஆள ஏத்தினேன்? பேசிக்கிட்டே கும்பிட்டா சாமி கோவிச்சுக்குமா?"

"கும்புட சொல்ல இன்னா சார் பேசறது?"

"வேண்டுதலையே வாய்விட்டு சொல்லு. போன மட்டும் கீழ வைக்காத!"

வண்டியைத் திருப்பி மறுபடி வந்தோம். "பெருமாளே, வேலை நெலைக்கணும். பொண்ணு வூட்ல சரின்னு சொல்லணும். இந்த மச்சான் லாரி பின்னாடியே ஒட்டிகினு போறான், பிரேக்க மெதிக்க சொல்லு..." ஆபீஸில் சிரித்தது போனில் எங்களுக்கே சுத்தமாகக் கேட்டது. சிக்னல் பாஸ். வேலை தப்பியது. பெண் வீட்டிலும் சரி என்றார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த சீட்டில் இப்போது வேறு ஆள். ஒழுங்காக எண்ணுகிறான். கோவில் வந்தால் நான்தான் வாய்விட்டு வேண்டுகிறேன். நீங்களும் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் என் மச்சானுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே வேண்டுங்கள். மனசுக்குள் வேண்டினால், லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான்.