ரகமத்தக்காவின் மூன்று கட்டை

நேற்று வயலினுக்குத் தந்தி மாற்றினேன். இப்போது கைப்பேசியில் ஒரு செயலி போதும். சுருதி சேர்ந்ததும் ஊசி நடுவில் நின்று பச்சை காட்டுகிறது. பச்சையோடு, பெட்டிக்குள் கிடக்கும் துணியிலிருந்து ஏலக்காய் வாசமும் லேசாக வந்தது. இருபது வருடத்துக்கு மேலாகத் துவைக்காத துணி. மற்ற விஷயங்களில் நான் சுத்தக்காரிதான்.

போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் எனக்கு முதல் வேலை. மலையிலிருந்து ஜீப்பில் லோடு இறங்கும். காய் பொறுக்க வரும் பெண்களுக்கு நான் வருகைப் பதிவு எழுதுவேன். வேலை முடிந்ததும் நேரே வயலின் வகுப்பு. அங்கே ஐந்து கட்டை சுருதி. அது அசையவே கூடாது என்பது முதல் பாடம். ஸ்டோர்ப் பெண்களோ காயைப் பொறுக்கிக்கொண்டே ஒரு நாள் மேலே எடுத்துப் பாடுவார்கள், ஒரு நாள் கீழே. இவர்களுக்குச் சுருதி என்று ஒன்று உண்டா என்றே எனக்குச் சந்தேகம்.

பாட்டெடுப்பவர் சிலமலை பேச்சியக்கா. மகள் வளைகாப்புக்கு என்னை வாசிக்கச் சொன்னார். "நாங்க பாடுறோம், நீங்க கூட இழுங்க." பெருமையாக ஒப்புக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் பழகிப் பார்த்தபோதுதான் வினை. அவர்கள் தொடங்கிய இடம் ஒன்று, என் தந்தி நின்ற இடம் வேறு. திறந்த தந்தி ‘ஸ’வாக இருந்தால்தான் என் விரல் நகரும். நிறுத்தச் சொல்லி முறுக்காணியைத் திருகினேன்.

"கிளார்க்கம்மா, வெரசா திருகுங்க. புள்ள பெறந்துரப் போகுது."

அடுத்த நாளும் அதே கதை. விட மனமில்லை. ஒரு சின்னச் சுருதிப்பெட்டியை வைத்து, அவர்கள் தினமும் தொடங்கும் கட்டையை நாட்குறிப்பில் எழுதினேன். பக்கத்தில் என்ன பாட்டு, மழையா வெயிலா. எதோடும் பொருந்தவில்லை. கடைசியில் வருகைப் பதிவோடு ஒப்பிட்டேன். காய் பொறுக்குபவர்களில் ஒருவரான ரகமத்தக்கா வந்த நாளெல்லாம் தாழ்ந்த மூன்று கட்டை. வராத நாளில் ஐந்தரை, ஆறு.

பேச்சியக்காவிடம் கேட்டேன்.

"அவளுக்கு மூச்சு வாங்கும்ல. அவ தொண்டைக்கு எட்டுற எடத்துல எடுத்தாத்தான எல்லாரும் பாடலாம்? இதப் போயி எழுதி வச்சா கண்டுபிடிச்சீக?"

வளைகாப்பன்று வீட்டிலேயே மூன்று கட்டைக்குச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறினேன். சிலமலையில் ரகமத்தக்காவைக் காணோம். மழை ஈரத்தில் இளைப்பு கூடிவிட்டதாம். மகளை மணையில் உட்கார்த்திவிட்டார்கள். இனித் திருக நேரமில்லை. பேச்சியக்காவின் காதருகே போனேன்.

"அக்கா, மூணு கட்டைக்குச் சேத்துட்டேன். நான் வாசிக்கல."

"ஒரு இழு இழுங்க."

இழுத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். "இன்னைக்கு ரகமத்து இவுகதான். தாழ எடுங்கடி."

தாழ எடுத்தார்கள். என் வில் கடைசிவரை கூடவே போனது. அன்றைய குறிப்பு: ‘ரகமத் வரவில்லை. மூன்று கட்டை.’ மற்ற நாட்களோடு பொருந்தாத ஒரே வரி அதுதான்.

அந்த ஸ்டோரில் இப்போது இயந்திரம் நிறம் பார்த்துக் காயைப் பிரிக்கிறது. இன்று காலை போய்ப் பார்த்தேன். நாலே பெண்கள், இயந்திர இரைச்சலில் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. கைப்பேசியில் செயலியைத் திறந்து பிடித்தேன். ஊசி எங்கும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.