ஒரே கம்பியில் இரண்டு விளக்குகள்

சாவியை ஒரு பிடி திருப்பினால் இரண்டு விளக்குகள் எரியும். இரண்டும் சிவப்பு. ஒன்றில் பேட்டரிப் படம். மற்றதில் மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளை, மூக்கின் நுனியில் விழப்போகும் ஒரு சொட்டு. இன்னொரு பிடி திருப்பினால் என்ஜின் இருமிக்கொண்டு எழும். இரண்டும் ஒன்றாக அணையும். தொண்ணூறுகளின் நடுவில், உக்கடம் குளத்துக்கு அருகே பழைய கார்களை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் ஒன்றில் நான் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். வாங்க வருபவர்களுக்கு இதைச் செய்து காட்டுவதும் என் வேலை. அவர்கள் டயரை உதைப்பார்கள், கதவைச் சாத்திச் சத்தம் கேட்பார்கள், சீட்டை அமுக்கிப் பார்ப்பார்கள். விளக்குகளை யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒருவர் பார்த்தார். குனிந்து, மீட்டர் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, மூச்சுக்கூட விடாமல் பார்த்தார். அவர் முகத்தில் விழுந்த அந்தச் சிவப்பு இன்னும் என் கண்ணுக்குள் கிடக்கிறது.

காங்கேயத்து அண்ணன் என்றுதான் நாங்கள் அவரைச் சொல்வோம். தேங்காய் எண்ணெய் மில் ஒன்றின் முதலாளிக்குப் பல வருடம் கார் ஓட்டியவர். சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, காங்கேயத்தில் வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெயில் ஏறாத ஒரு காலையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஷெட்டில் நின்றிருந்த வெள்ளை டீசல் காரை அந்த அக்கா ஒரு சுற்று சுற்றி வந்து, பின்சீட்டில் ஏறி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஊருக்கே கிளம்பிவிட்டவரைப் போல உட்கார்ந்தார்.

“போட்டு அணைச்சுக் காட்டுங்க தம்பி,” என்றார் அண்ணன். காட்டினேன். “இன்னொருக்கா.” காட்டினேன். பிறகு பின்னால் திரும்பி மனைவிக்கு விளக்க ஆரம்பித்தார்.

“இங்க பாரு. சாவியப் போட்டதும் எரியோணும். எரியலீன்னா பல்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையோணும். ஓடறப்ப இந்தப் பேட்டரி லைட்டு எரிஞ்சாக்கூட எப்படியோ ஊடு போய்ச் சேந்துக்கலாம். ஆயில் லைட்டு எரிஞ்சுதுன்னா அப்படியே ஓரங்கட்டிப் போடோணும். பத்தடிகூட நகத்தப்படாது.”

“எனக்கும் நெத்தியில இப்படி ஒண்ணு வெச்சு உட்டிருந்தா ஆவுமுங்க. ரெண்டு நாளு காச்சல்ல கெடந்தாத்தான் உங்களுக்குத் தெரியுது,” என்றார் அந்த அக்கா.

“உனக்கு வெச்சா அது அணையவே அணையாது.”

மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏனென்றால் அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னால், அதே காரின் மீட்டர் இருக்கும் முன்பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நான் ஒரு வேலை செய்திருந்தேன். என்ஜின் தேய்ந்துபோன வண்டி அது. சூடேறியதும் ஆயில் அழுத்தம் இறங்கும், எண்ணெய்க் குவளை மினுக்கும். “வாரவன் பாத்தா ஓடிருவானப்பா. அந்த மினுக்கறத என்னமோ பண்ணி நிறுத்திப்போடு,” என்றார் எங்கள் கடை முதலாளி. பல்பைப் பிடுங்கி எறிந்துவிடலாம். பல கடைகளில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் சாவி போட்டதும் எரியவில்லை என்றால் விவரம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு வயது இருபத்துநான்கு. ஐ.டி.ஐ. முடித்த கையின் திமிர். என்ஜினிலிருந்து ஆயில் விளக்குக்கு வரும் கம்பியை வெட்டி, முனையில் டேப் சுற்றி, தெரியாதபடி உள்ளே சொருகினேன். ஆயில் விளக்கைப் பேட்டரி விளக்கின் கம்பியோடு சேர்த்துவிட்டேன். இனிமேல் பேட்டரி விளக்கு எரியும்போது அதுவும் எரியும், அது அணையும்போது இதுவும் அணையும். சாவி போட்டால் எரிகிறது, என்ஜின் ஓடினால் அணைகிறது; வேறென்ன வேண்டும்? என்ஜினுக்குள் ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் போனாலும் அந்த விளக்குக்குத் தகவல் போகாது. ஊமையாக்கிவிட்டு உதட்டை மட்டும் அசைய வைத்திருந்தேன். பல்பைப் பிடுங்கியிருந்தால் ஏமாறாதவர்கள் இருந்தார்கள் அல்லவா, அவர்களை ஏமாற்றுவதற்கான வேலை அது. அதாவது, குனிந்து பார்க்கிறவர்களை. அதாவது, அவரை.

வண்டி காங்கேயம் போயிற்று. இரண்டு மாதம் ஓடியது. அவர் தினமும் காலையில் குச்சியை உருவி ஆயில் அளவு பார்ப்பாராம், டிக்கியில் எப்போதும் ஒரு டப்பா ஆயில் வைத்திருப்பாராம். எல்லாம் பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சித்திரை வெயில். மாட்டுக்குத் தீவனம் அறுக்கக் காட்டுக்குப் போன அந்த அக்காவை வேலியோரம் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். சொந்தக் கார் இருக்கிறது. அன்று அதை ஒரு பாக்கியமாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். பின்சீட்டில் அக்காவின் அண்ணன், இவருக்கு மச்சான், தங்கையை மடியில் சாய்த்துக்கொள்ள, இவர் ஓட்டினார். குச்சியை உருவிப் பார்க்க அன்று நேரமில்லை. ஆயில் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஆனால் விளக்கு இருக்கிறதே. ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் விளக்கிலுமாக ஓட்டினேன் தம்பி என்றார். விளக்கு அணைந்தே இருந்தது. பல்லடம் தாண்டியதும் என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல ஒரு சத்தம். அப்புறம் ஒரு முனகல். வண்டி நின்றுவிட்டது, என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. அந்தக் கணத்தில், என்ஜின் நின்ற காரணத்தால், பேட்டரி விளக்கு எரிந்தது. கூடவே, நான் கட்டிவிட்டிருந்த ஆயில் விளக்கும் எரிந்தது.

பின்சீட்டிலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது அந்தச் சிவப்புதான்.

நெடுநேரம் எதுவும் நிற்கவில்லை. கடைசியில் கோழிக் கூண்டுகள் ஏற்றிய ஒரு லாரி நின்றது. மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். சூலூர் தாண்டும்போது அந்த அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது தலைமுடியில் வெள்ளை இறகுகள் ஒட்டியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை தம்பி என்றார். டிக்கியில் ஆயில் டப்பா முழுசாக அப்படியே இருந்தது. விளக்கு எரிந்து, அவர் ஓரங்கட்டி, அதை ஊற்றியிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

எரித்துவிட்டு வந்த அன்றே மச்சான் கேட்டுவிட்டார். மாப்பிள்ளையிடம் பேசும்போது எப்போதும் இருக்கும் ‘ங்க’ அன்று அவர் பேச்சில் இல்லை. “செவப்பா எரிஞ்சுட்டு இருந்துச்சு, நானே பாத்தேன். முன்னால உக்காந்திருந்த உனக்குத் தெரியல? கண்ண எங்க வெச்சுட்டு ஓட்டின?” இவர், வண்டி நின்ற பிறகுதான் எரிந்தது என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார். செத்த வீட்டில் அது ஒரு திருடனின் சாக்குப் போலக் கேட்டிருக்கும். ஏழு வயது மகள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று முதலாளி பின்பக்கம் நழுவினார். அவர் சண்டை போடவில்லை. “நீங்க லைட்டு வேல தெரிஞ்சவரு. வண்டி பல்லடத்துல ஒர்க்‌ஷாப்ல நிக்குது. சித்த வந்து அந்த லைட்டு வேல செய்யுதான்னு பாத்துச் சொல்லிப்போடுங்க. மச்சானையும் வரச் சொல்லியிருக்கறேன். ஆரு சொன்னாலும் அவரு நம்பறதில்ல. வேல தெரிஞ்சவங்க சொன்னா கேட்டுக்குவாரு.” அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பதற்கு ஒரு சாட்சி.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனோம். சொல்லிவிடலாம் என்று சிங்காநல்லூரில் நினைத்தேன். சூலூரில் நினைத்தேன். வண்டி நின்றுபோன அந்த இடம் வந்ததும் அவர் பேச்சை நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அப்போதும் நினைத்தேன். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சாவியைப் போட்டு, என்ஜினிலிருந்து ஆயில் விளக்குக்கு வரும் கம்பியை ஒரு தடவை கழற்றிப் பார்த்தால் போதும். ஒழுங்கான இணைப்பாக இருந்தால் விளக்கு அணைய வேண்டும். இது அணையாது. அணையாவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் பானெட்டைத் திறக்கவே இல்லை. சாவியை ஒரு பிடி திருப்பினேன். இரண்டு விளக்குகளும் எரிந்தன.

“எரியுதுங்க,” என்றேன்.

பொய் என்று ஒரு சொல்கூட நான் சொல்லவில்லை. எரியத்தான் எரிந்தது. மச்சான் காறித் துப்பிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். அண்ணன் குனிந்து அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “செரிங்க தம்பி. உங்களுக்கு வீண் அலைச்சல்,” என்றார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அந்த மாதமே நான் வேலையை விட்டேன். அதைப் பரிகாரம் என்று சில வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி சொன்னதைச் செய்தேன் என்று சில வருடம். அவருக்கு எல்லாம் மறந்திருக்கும் என்று சில வருடம். மனிதனுக்குச் சமாதானங்கள் தீர்ந்துபோவதே இல்லை. கல்யாணம், குழந்தைகள், சொந்தக் கடை, நரை என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. இன்றைய கார்களில் சாவி திருப்பும் வேலையே இல்லை. பொத்தானை அமுக்கினால் பத்துப் பன்னிரண்டு விளக்குகள் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து உதிர்கின்றன. போன ஆனி மாதம் பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, என் காரில் அந்த எண்ணெய்க் குவளை ஓடும்போதே எரிந்தது. கை தானாக ஓரங்கட்டியது. மெக்கானிக் வந்து ஒரு சின்ன சென்சாரை மாற்றினார். ஐந்து நிமிடம். அவர் போன பிறகும் நான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். எடுத்தபோது வண்டி கோயமுத்தூர் பக்கம் திரும்பவில்லை.

காங்கேயத்தில் அவர் இருந்தார். மெலிந்து, கன்னம் ஒட்டி, எழுபதைத் தாண்டி. அன்றைக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையாம். ஒரு மில்லில் லாரி எடை பார்க்கும் வேலையில் காலம் ஓடிவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகு, “அடடே, லைட்டுக்காரத் தம்பிங்களா? உக்காருங்க,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன். வெட்டிய கம்பி, சுற்றிய டேப், சேர்த்துக் கட்டிய விளக்கு, நான் திறக்காத பானெட். முடித்ததும் அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“அப்ப நான் பாத்துட்டுத்தான் இருந்திருக்கறேன்,” என்றார்.

“ஆமாங்கண்ணா.”

“நானே நம்பலீங்க தம்பி. எரிஞ்சிருக்கும், நாந்தான் அவ மூஞ்சியத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு அத உட்டுப்போட்டேன்னு... மொதல்ல ஊரு சொல்லுச்சு. அப்பறம் நானே சொல்லிக்கிட்டேன்.” பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: “அம்மணி, சித்த இங்க வா கண்ணு. இவரு சொல்றதக் கேளு.”

அன்று சுவரோரம் நின்ற ஏழு வயது மகள், தலையில் நரை ஓட ஆரம்பித்த பெண்ணாக, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முதலிலிருந்து சொன்னேன்.

“இத்தன வருசம் எங்கீங்க இருந்தீங்க?”

“கோயமுத்தூர்லதானுங்க.”

“கோயமுத்தூர்ல இருந்து காங்கேயத்துக்குப் பஸ்ஸே இல்லீங்களா?”

அத்தனை மரியாதையாகக் கேட்டார். அண்ணன் அதற்குள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். “வாங்க. மச்சானூடு அடுத்த வீதிதான்.”

அந்த வீட்டில் கட்டிலோடு கட்டிலாக ஒரு முதியவர் கிடந்தார். துப்பிவிட்டு நடந்த அந்தத் திடமான ஆளை அந்தப் போர்வைக்குள் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. “காது சுத்தமாக் கேக்காது. பக்கத்துல போயிச் சத்தமாச் சொல்லுங்க,” என்றார் அண்ணன். தலைமாட்டில் மண்டியிட்டு, மருந்து வாடை அடிக்கும் அந்தக் காதோரம் சொன்னேன். முதியவர் புரியாமல் விழித்தார். குரலை உயர்த்தினேன். “லைட்டு எரியலீங்க! வண்டி நின்னதுக்கப்பறந்தான் எரிஞ்சுது! ஓடறப்ப எரியாதபடி கம்பிய வெட்டினது நானுங்க!” வீதியில் போனவர்கள் நின்றார்கள். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார்.

முதியவரின் பார்வை என்னைக் கடந்து அண்ணனிடம் போயிற்று. “எரியலயா?” என்றார், அவரிடம். அண்ணன் இல்லை என்று தலையசைத்தார். முதியவர் மெல்ல, மிகவும் மெல்ல, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் எழப் போனேன். அண்ணனின் கை என் தோளை அழுத்தியது. அதில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை.

“இன்னொருக்கா சொல்லுங்க தம்பி. அவரு பாதிதான் கேட்டிருப்பாரு.”