ஹமீது நானாவின் குரலும் கம்பளைச் சதுப்பும்

கம்பளை ஹமீது நானா காலமாகிவிட்டார்... வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்று காலை தந்தி வந்தது.

வாசிகசாலை அன்பர்களுக்கு இதை போர்டில் எழுதி ஒட்டுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது.

ஸ்டேஷன் பக்கம் துணிக்கடை வைத்திருந்தவர். துப்பாக்கியோடு வந்த துரைமாரிடம் வாதாடி, ஆற்றோரச் சதுப்பை வேட்டையாடக் கூடாத இடமாக்கியவர்.

வெயில் ஏறும் மாதத்தில் என்னையும் அங்கே கூட்டிப்போவார். வற்றிய கரையெல்லாம் நீர்முள்ளி ஊதாவாகப் பூத்திருக்கும். நடுவில் ஆம்பல். அதன் இலைகளை மிதித்துக்கொண்டு நீலத் தாழைக்கோழிகள் நடக்கும்... நானா வாயைத் திறக்கும்வரை.

"அல்லாஹ்! அங்க பாருங்க மாஸ்டர்!"

அவ்வளவுதான். சதுப்பே எழுந்து பறந்துவிடும்.

"மெதுவாச் சொல்லக் கூடாதோ நானா?"

"மெதுவாத்தானே சொன்னேன். இந்தக் கோழிகளுக்குத்தான் ரோசம் கூட."

போன மாத ஊர்க் கமிட்டி மீட்டிங் நினைவுக்கு வருகிறது. சதுப்பில் மண் கொட்டி, நிரப்பிக் கடைகள் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வழக்கம்போல் பேச வேண்டியதை நான் பின்னால் இருந்து அவர் காதில் சொன்னேன்; அவர் எழுந்து முழங்கினார்.

"நானும் கடைக்காரன்தான்! மழைக்கு ஆத்துத் தண்ணி இதுலதான் தங்குது. இத மூடினா நம்மட கடைக்குள்ளதான் வரும்!"

குரல் ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பயம். "மெதுவாப் பேசுங்கோ" என்று காதில் சொன்னேன்.

அதையும் அப்படியே தலைவரைப் பார்த்து முழங்கிவிட்டார். "மெதுவாப் பேசுங்க!"

அதுவரை வாயே திறக்காத தலைவர் திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்டார். சபை முழுக்கச் சிரிப்பு. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

வெளியே வந்ததும் நானா சொன்னார்: "ஒரு நாளைக்கு நீங்களே பேசணும் மாஸ்டர்."

"எனக்கு ஏலாது நானா. கை நடுங்கும்."

"நடுங்கினா மேசையப் பிடிச்சிக்கங்க. மேசை எதுக்கு இருக்கு?"

அந்த அடுத்த கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. அவர் இல்லை... மண் ஏற்றிய வண்டிகள் இப்போதே ஆற்றங்கரையில் நிற்கின்றனவாம்.

பேசுபவர்களில் என் பெயரையும் சேர்க்கும்படி காரியதரிசியிடம் சொல்லிவிட்டேன். "யார், நீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். ஓம், நான்தான் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

சரியாகச் சொல்வேனோ, நடுவில் மறந்துவிடுவேனோ, தெரியவில்லை. ஆனால் உட்காரமாட்டேன்.

போய் வாருங்கள் நானா... மேசையைப் பிடித்துக்கொள்கிறேன்.