சமரசப் பாடமும் என் வயிற்றெரிச்சலும்

கோர்ட்டுக்குப் போகாமல் சண்டையைப் பேசித் தீர்ப்பது எப்படி என்று தேனிப் பக்கத்துச் சட்டக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துவது என் பிழைப்பு. அந்தப் பாடத்துக்காகவே ஒருத்தரோடு மல்லுக்கு நின்றேன். உங்கள் ஆபீசிலும் புதிதாக ஒருத்தர் வந்து, வந்த மாதமே நல்ல பெயரை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிருப்பார், இல்லையா? அந்த எரிச்சல் தெரிந்தவர்கள் கிட்டே வாருங்கள்.

வட்டமாகப் போட்ட பெஞ்சு

வந்தவர் ஜெசிந்தா மேடம். என்னைவிட ரொம்ப இளையவர். சமரசப் பாடத்துக்குப் பாதிப் பிள்ளைகளை அவரிடம் கொடுத்தார்கள். அடுத்த செமஸ்டரிலிருந்து எங்களில் ஒருத்தருக்கு மட்டும்தான் அந்தப் பாடம் என்று பிரின்சிபால் வேறு சொல்லிவிட்டார்.

அந்த அம்மா முதல் நாளே பெஞ்சுகளை வட்டமாக இழுத்துப் போட்டார். நோட்ஸ் கிடையாது. இரண்டு பேர் கட்சிக்காரர், ஒருத்தர் நடுவர் என்று பிள்ளைகளை நடிக்கவிட்டார். ஒரே சிரிப்பு, கைதட்டல்! நானோ சட்டப் பிரிவுகளைப் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். பதிலுக்குக் கொட்டாவிதான் வரும். தினமும் அவர் வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவேன். கடைசியில், சத்தம் தாங்கவில்லை என்று பிரின்சிபாலிடம் புகார் கொடுத்தேன். என் வகுப்பில் படிக்கும் சுருளிப்பட்டிப் பாண்டீஸ்வரி அதைக் கேள்விப்பட்டுச் சொன்னாள்: "அங்கன சத்தம் கேக்குறதாலதான் சார் இங்கன நாங்க முழிச்சிருக்கோம்."

வாய்க்கால் தகராறு

விடுவேனா? நானும் நடிக்கவைத்தேன். மேல் வயல்காரர் வாய்க்காலை அடைத்துவிட்டார், கடைமடைக்காரருக்கு நாற்று காய்கிறது. நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? பின்னி எடுத்தார்கள்.

நான்தான் நடுவர். நடுவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, இரண்டு பேரும் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்று வருஷக்கணக்காக எழுதிப்போட்டவன் நான். மேல் வயல்காரர் வாயைத் திறந்ததுதான் தாமதம், "தப்பு உன் மேலதான்! மொதல்ல மடையைத் திற!" என்று மேஜையைத் தட்டிவிட்டேன். மேல் வயல்காரராக நடித்த பாண்டீஸ்வரி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்: "அப்ப நான் அப்பீலுக்குப் போறேன் சார்."

மயிலாடும்பாறைக் கிணறு

ஜெசிந்தா மேடம் நிஜச் சண்டைக்கே பிள்ளைகளைக் கூட்டிப்போனார். மயிலாடும்பாறையில் அண்ணன் தம்பிக்குப் பொதுக்கிணறு. மோட்டாரை யார் எப்போது போடுவது என்பதில் பேச்சே நின்றுபோயிருந்தது. நானும் பஸ்ஸில் ஏறினேன். உதவிக்கா? காரியம் கவிழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன்.

அவர் வைத்தது ஒரே விதி. தன் குறையைச் சொல்லும் முன், எதிராளி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அண்ணன் மோட்டாரைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் சொன்ன குறையைத் தம்பி அப்படியே திருப்பிச் சொன்னார்: "என் மக கல்யாணத்துக்கு வந்தவன் சாப்பிடாமப் போயிட்டான்." சாப்பிடாமல் போனவரே அந்தத் தம்பிதான்; சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. டீ வருவதற்குள் மோட்டார் விஷயம் முடிந்தது. தென்னை மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்து அண்ணன் கேட்டார்: "எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காக, நீங்க மட்டும் ஏங்கய்யா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? நீங்க எந்தப் பக்கத்து வக்கீலு?"

பிரின்சிபால் ரூமில்

என் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு பிரின்சிபால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் சமரச வாத்தியாருங்கதான? பேசித் தீத்துக்கங்க. அடுத்த செமஸ்டர் பாடம் யாருக்குங்கிறதையும் சேத்தே பேசிருங்க" என்று சொல்லி, பாண்டீஸ்வரியை நடுவராக உட்காரவைத்தார். அதே விதி.

மேடம் முதலில் பேசினார். "சார் தெனமும் என் கிளாஸ் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறாக. உள்ள கூப்பிட ஆசைதான். தப்புக் கண்டுபிடிக்கத்தான் நிக்கிறாகளோன்னு பயமா இருக்கு."

திருப்பிச் சொல்லப் பார்த்தேன். பாதியிலேயே விதி மறந்துபோனது. "தப்புக் கண்டுபிடிக்க இல்ல மேடம், பொறாமை! பிள்ளைக உங்ககிட்டச் சிரிக்கிற மாதிரி என்கிட்ட ஒருநாளும் சிரிச்சதில்ல. பாடத்த நீங்களே வச்சுக்கங்க" என்று கொட்டிவிட்டேன். பாண்டீஸ்வரிதான் பேசினாள்: "அப்ப எதுக்கு சார் வாசல்ல நிக்கிறீக? உள்ள வந்து உக்காருங்க. பெஞ்சு வட்டமாத்தான கெடக்கு, எடமிருக்கு."

போய் உட்கார்ந்தேன், பாடம் பிரமாதமாக இருந்தது, அதுதான் இன்னும் எரிகிறது.