பக்கம் மாறித் துப்புரவு செய்த வாய்க்கால்

எங்கள் ஊருக்கும் பக்கத்து முஸ்லிம் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடி வாவியில் விழுகிறது. அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டைக்கு என்னைவிட வயது அதிகம். ஆற்றுவாழைக் களை மண்டித் தண்ணீரை அடைத்துக் கிடந்தாலும் ஒருவரும் கைவைப்பதில்லை. துப்புரவு செய்தவன் பிறகு உரிமை கேட்பான் என்று மற்றவன் தடுத்துவிடுவான். அதனால் மாரி மழைக்கு வெள்ளம் ஊருக்குள் திரும்பும். முதலில் என் வீட்டுக்குத்தான் வரும். பார்த்துப் பார்த்துப் பள்ளத்தில் வீடு கட்டிய அறிவாளி நான்.

போன மாரிக்கு முன் மனைவி சொல்லிவிட்டாள்: "இந்த முறையும் தண்ணி வந்தா பிள்ளையளக் கூட்டிக்கிட்டு கல்லடிக்கு அம்மாட்டப் போயிருவன். மறுகா வரமாட்டன். நீங்க தவளையோட குடும்பம் நடத்துங்க."

தேநீர்கூடப் போடத் தெரியாதவனுக்கு அதைவிடப் பெரிய அனர்த்தம் உண்டா?

அக்கரையில் தையல்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணரிடம் போனேன்; எல்லோருக்கும் அவர் 'காக்கா'. அவர் கடைக்குள்ளும் வெள்ளம் வரும்.

"காக்கா, உங்கட கரைய நாங்க துப்புரவாக்கிறம், எங்கட கரைய நீங்க துப்புரவாக்குங்க. மறுகா துப்புரவாக்கின கரைக்கு உரிமை கேக்கிறவன் தன்ட கரைய மத்தவனுக்கு விட்டுக்குடுக்கணும். எவன் கேப்பான்?" என்றேன், பகிடிக்குத்தான்.

அவர் சிரிக்கவில்லை. "நீ விசரன்தான். ஆனா இது சரிவரும் போல கிடக்கு. பள்ளிவாசல்ல நான் கதைக்கன். கோயில்ல நீ கதை."

கோயிலில் நான் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள். சிரித்தபடியே சம்மதித்தும் விட்டார்கள்.

குறித்த நாள் காலையில் இரண்டு ஊரும் கத்தியோடு வந்து, கரை மாறி இறங்கி வெட்டத் தொடங்கின. பிறகு முஸ்லிம் ஊர்க்காரர் ஒருவர் கத்தினார்: "டேய், எங்கட கரையில வேர விட்டுட்டுப் போறீங்க!"

"நீங்க மட்டும் என்ன, மேலால வழிச்சிட்டுப் போறீங்க!" என்றார்கள் எங்கள் ஆட்கள்.

அந்தக் கோபத்தில் இரண்டு பக்கமும் வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். நட்பாக இருந்திருந்தால் பாதியில் விட்டிருப்பார்கள்.

மழை வந்தது. வெள்ளம் வாசற்படி வரை ஏறி, அங்கேயே நின்று, மெல்ல வாவிக்கு இறங்கியது. மனைவி கட்டி வைத்திருந்த பையிலிருந்து பிள்ளைகளின் உடுப்புகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். "இன்னும் மழை இருக்காம். வாய்க்காலப் பாத்திட்டு வாங்க" என்றாள்.

போனேன். அக்கரையில் காக்கா குடையோடு நின்றார்.

"உன்ட கரையில ஒரு ஆத்துவாழைக் கொத்து வந்து அடைச்சிருக்கு. எடுத்து விடு."

"என்ட கரையில நான் எடுத்தா சண்டை வரும் காக்கா. நீங்க வந்து எடுங்க."