கங்காணி ஆவதற்கு வாங்கிய கோட்டு

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இன்று ஹட்டனில் எனக்கு மூன்று கடை, இரண்டு லொறி. எல்லாம் நானே உண்டாக்கியது, யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு கோட்டை நினைத்தால் மட்டும் இப்போதும் வயிறு எரிகிறது.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். என் வேகத்துக்குத் தேயிலைச் செடி வெட்ட அந்த மலையில் ஆளில்லை. எங்கள் கங்காணிக்குக் கண் மங்கிவிட்டது. திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே, துரை புதுக் கங்காணியைத் தேர்ந்தெடுப்பார் என்று சொன்னார்கள். நான்தான் என்று எனக்குத் தெரியும். ஒரே குறை, கோட்டு இல்லை. வேட்டிக்கு மேல் கோட்டுப் போடாத கங்காணியை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவுக்குப் போனேன். முதல்முறை. சீசன் நேரம், கால் வைக்க இடமில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டியும் ஆட்டுக்கறியும் கேட்டேன். கறியில் இறைச்சி கிடக்கட்டும், எலும்பைத் தேடினாலும் கிடைக்கவில்லை. தேத்தண்ணி பாத்திரம் கழுவிய தண்ணி மாதிரி இருந்தது. நாங்கள் பறித்த கொழுந்து எந்தக் கப்பலில் போனதோ, அந்தக் கிளாசுக்கு வரவில்லை.

பிறகு பழைய சாமான் கடைகள். சீமைக்குத் திரும்பிய துரைமார் விற்றுவிட்டுப் போன கிராமபோன், குதிரைச் சேணம், மான்கொம்பு, ஓடாத கடிகாரம் எல்லாம் குவிந்து கிடந்தன. மூன்று கடையில் என் தோளுக்குக் கோட்டில்லை. நாலாவது கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். பழுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்றை உதறி எனக்குப் போட்டுவிட்டு, போட்டவர் கப்பலேறிவிட்டார், இனி உங்களுக்குத்தான் என்றார். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. கழற்றவே இல்லை.

பொழுது சாய்ந்ததும் ஊரெல்லாம் விளக்குப் போட்டார்கள். பெரிய ஹோட்டல் பக்கமிருந்து பேண்டு வாத்தியம் கேட்டது. வந்ததற்கு அதையும் பார்ப்போம் என்று தலைப்பாவைச் சரிசெய்துகொண்டு நடந்தேன். எதிரே ஒரு வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் வந்தார்கள். தோட்டத்தில் துரை வந்தால் தலைத்துணியை எடுத்துவிட்டு, ரோட்டோரம் தண்ணி ஓடும் கானுக்குள் இறங்கி நிற்போம், அவர் போன பிறகுதான் ஏறுவோம். அந்த வழக்கம் என் காலுக்குள் இருந்திருக்கிறது. யோசிப்பதற்குள் இறங்கிவிட்டேன். தோட்டத்துக் கான் முழங்கால் ஆழம். இது இடுப்பளவு, நிறையச் சாக்கடை. கல்லில் மாட்டிக் கோட்டின் கை முழங்கைவரை கிழிந்தது. துரை என்னைப் பார்க்கக்கூட இல்லை.

பார்த்தவர் கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவர். கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

"இது டவுன் ரோடுங்க. அவரும் நடக்கலாம், நீங்களும் நடக்கலாம்."

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பேண்டுமில்லை, வேடிக்கையுமில்லை. ஒரு குழாயடியில் கோட்டைக் கழுவிப் பிழிந்துகொண்டு, மரக்கறி லொறியில் தொற்றி ஊர் வந்தேன்.

விடிந்ததும் ஈரக் கோட்டோடு பெரட்டில் நின்றேன். துரைக்கு முன்னால் வந்த கண்டாக்கு ஐயா, கங்காணிகளுக்கெல்லாம் மேலே இருப்பவர், என்னிடம் நின்று, கோட்டின் கிழிந்த கையைப் பிரம்பால் தூக்கிப் பார்த்தார்.

"எங்கடா அடிச்ச இத?"

"வாங்கினதுங்க ஐயா. நுவரெலியாவுல."

"காசு குடுத்துக் கிழிஞ்சதையா வாங்கின? ஓடறப்ப கிழிஞ்சிருக்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒரே வரி. கோட்டுப் போட்டுக்கொண்டு, பட்டணத்து ரோட்டில், யாரும் கேட்காமலே சாக்கடையில் குதித்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? கள்ளன் என்றே நினைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கண்டாக்கு துரையிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரை தலையாட்டிவிட்டு, எனக்குப் பக்கத்தில் நின்றவனைக் கைத்தடியால் காட்டினார்.

அவன் தோளில் கிடந்தது ஒரு சாக்கு. கோட்டே இல்லை. நான் வெட்டுவதில் பாதிகூட வெட்டமாட்டான்.

முதல்நாள்வரை என்னை அண்ணே என்று கூப்பிட்டவன், அங்கேயே என் பேரைச் சொல்லி, மேல்மலைக்குப் போ என்றான். அதற்கு ஒரு பதில்தான் உண்டு.

"சரிங்க கங்காணி" என்றேன்.