வாசிக்காமல் விட்ட மூன்றாவது தாள்

அண்ணி எனக்குப் போன் எடுத்தபோது நான் குட்மேய்ஸ் வீட்டு வாசலில் குப்பைப்பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த நம்பரிலிருந்து பதினேழு வருசமாக அழைப்பே வந்ததில்லை. பக்கத்து ஊரான பார்க்கிங்கின் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கிலிருந்து செக் நாட்டுக்கு யாத்திரை போகிறார்களாம். அண்ணைதான் கொமிட்டித் தலைவராம். போகப்போகிற ஊரின் வரலாற்றை எழுதி, ஆயத்தக் கூட்டத்தில் வாசிக்க ஆள் வேண்டுமாம்.

"அண்ணைதான் உன்னட்டைக் கேக்கச் சொன்னவர். உன்ரை எழுத்து நல்ல வடிவெண்டு சொல்லுறார்," என்றார் அண்ணி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு இனி ஏலாதம்மா. டொக்டர்மார் மாசக்கணக்கிலைதான் சொல்லுறினம்," என்றார்.

எங்கள் வீட்டில் மன்னிப்பை யாரும் வாயால் கேட்பதில்லை. ஒரு வேலை தருவார்கள். செய்து கொடுத்தால் பழசெல்லாம் முடிந்துபோயிற்று என்று எடுத்துக்கொள்வார்கள். சாவதற்கு முன் நான் தன்னோடு சமாதானமாகவேண்டும் என்று அண்ணை கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது. "எழுதித் தாறன்," என்றேன்.

நான் பிள்ளையார் கோயிலில் வைத்து ஒரு சைவரைக் கட்டியவள். அதற்குப் பிறகு, பதினேழு வருசத்துக்கு முன் அம்மா இறந்தபோது, பார்க்கிங் தேவாலய வாசலில் அண்ணை கறுப்புக் கோட்டோடு நின்றார். உள்ளே அம்மாவின் பெட்டி இருந்தது. "உள்ளுக்கு வராதை. அவ நிம்மதியாப் போகட்டும்," என்றார். நான் கதவின் பித்தளைப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். பங்குச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவசரப்படாமல் பிரித்தார். சுண்டுவிரலைக் கடைசியில் பிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார். அந்தப் பூசையை நான் மழையில், கார் பார்க்கில் நின்று கேட்டேன்.

வரலாற்றை எழுத மூன்று வாரம் எடுத்தது. எல்பே ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர் அது. ஆயிரம் வருசத்துக்கு மேலாகச் சனம் அங்கே போவதற்குக் காரணம் ஒரு கொலை. நாட்டை ஆண்ட பக்தியான அண்ணனைத் தம்பி அந்த ஊருக்கு விருந்துக்குக் கூப்பிட்டான். அடுத்த நாள் காலையில் அண்ணன் செபத்துக்குப் போகும்போது வாளோடு பாய்ந்தான். அண்ணன் தேவாலயத்தை நோக்கி ஓடினான். உள்ளே இருந்த குருவானவர் கதவைச் சாத்திவிட்டார் என்று சொல்கிறார்கள். கதவு வளையத்தைப் பிடித்தபடியே அவன் செத்தான். செத்தவன் புனிதனானான்.

ஆயத்தக் கூட்டம் ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் நடந்தது. ரோல்ஸும் தேத்தண்ணியும் ஒரு பக்கம். அண்ணை முன் வரிசையில் கம்பளித் தொப்பியோடு இருந்தார். அவருடைய சேர்ட் கொலருக்குள் இன்னொருவர் கழுத்தும் சேர்ந்து போயிருக்கும். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையிலிருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். நான் அதில் போய் இருக்கவில்லை.

முதல் தாளில் மாதாவைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த ஊரில் உழும்போது மண்ணுக்குள் கிடைத்த சின்ன உலோக உருவம் அது. போரில் எதிரிகள் அதைக் கொண்டுபோய்த் தூக்குமரத்தில் தொங்கவிட்டுப் பகிடி பண்ணினார்கள். "எங்கடை நாட்டு மடு மாதாவும் சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்தவதானே," என்று ஒரு மாமி கண்ணைத் துடைத்தார். எல்லாரும் நல்ல இளக்கமாக இருந்தார்கள்.

இரண்டாவது தாள் கொலை. வளையத்தைப் பிடித்த இடம் வந்ததும் நான் தலையை நிமிர்த்தி, அண்ணையைப் பார்த்தபடி வாசித்தேன்: "அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். சுண்டுவிரலைக் கடைசியில் பிரித்தார்கள்."

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் எழுதிச் சேர்த்தது. கதையில் கொன்றவன் தம்பி, எங்கள் வீட்டில் விரலைப் பிரித்தவர் மூத்தவர். ஆனாலும் மண்டபத்தில் ஒருவருக்கும் ஆளைப் பிழையாக விளங்கவில்லை. ரோல்ஸ் கடித்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அண்ணி தரையைப் பார்த்தார். அண்ணையின் முகம் தளர்ந்து கீழே இறங்குவதை நான் நின்று வடிவாகப் பார்த்தேன்.

அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். "அதுக்குப் பிறகு அந்தத் தம்பி என்ன செய்தவன்?"

அதற்கான பதில் என் கையில் மூன்றாவது தாளாக இருந்தது. நான் தாள்களை மடித்தேன்.

"நல்லா இருந்தவன் அண்ணை. கனகாலம் ஆட்சி செய்தவன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். மடியிலிருந்த பையைத் திரும்பவும் பக்கத்துக் கதிரையில் வைத்தார்.

யாத்திரைக்கு அவர் போகவில்லை. விமானம் ஏற நாலு நாள் இருக்க இறந்துபோனார். செத்தவீட்டுப் பூசைக்கு நான் போனேன். அதே கதவு, ஆப்பு வைத்து அகலத் திறந்து கிடந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "படுக்கையிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர். அந்தத் தம்பி ஒருநாளும் மனம் வருந்தேல்லையோ எண்டு," என்றார். நான் உள்ளே போய் இருந்தேன்.

மூன்றாவது தாளில் ஐந்து வரிதான். தம்பி செய்ததை நினைத்து வருந்தினான் என்றும், அண்ணனின் உடலை எடுத்துப் பிராக் நகரத் தேவாலயத்தில் மரியாதையோடு வைத்தான் என்றும், தன் மகனொருவனைக் கடவுளுக்கே கொடுத்தான் என்றும் சொல்கிறார்கள். வாசிக்க அரை நிமிசம் போதும். அண்ணை பாவம் என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன், அழுதும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் அவர் முகம் விழுந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தைத் திருப்பித் தா என்று யாராவது கேட்டால், தரமாட்டேன்.